கடற்கரை ஊரில் எங்களுக்காகக் காத்திருந்தவர்

சந்தேகப்படுவதுதான் என் வேலை. ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கார் விபத்துக் கோரிக்கைகளைப் படித்துப் பார்க்கிற பிரிவில் இருபது வருசத்துக்கு மேலாக இருக்கிறேன். நின்றுகொண்டிருந்த காரை வந்து இடித்தான் என்று எழுதியிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கார்களும் ஓடிக்கொண்டிருந்தது தெரியும். கழுத்தைத் திருப்பவே முடியவில்லை என்று எழுதியவர் அடுத்த சனிக்கிழமை கலியாணவீட்டு வீடியோவில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருப்பார். இப்படியே பார்த்துப் பார்த்து, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியாமல் போய்விட்டது.

எங்கள் ஊர்ச் சனமும் அதற்கு உதவி செய்தது. ஒரு முறை என்னோடு படித்த ஒருத்தி முப்பது வருசத்துக்குப் பிறகு ரெக்ஸ்டேலில் இருந்து போன் எடுத்தாள். குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். புருசனோடு வந்தாள், கட்டிப்பிடித்தாள், இரண்டு வடை சாப்பிட்டாள், பிறகு புருசன் காருக்குள் போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணீர் வடிகட்டுகிற மெசின். எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்து அதற்குள் ஏதோ மருந்தை விட்டுக் கறுப்பாக்கிக் காட்டினான். அன்றைக்குப் பிறகு யாராவது காரணமில்லாமல் அன்பாகக் கதைத்தால் நான் முதலில் அவர்களுடைய கையில் பை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

இவர் அப்படியில்லை. என் கணவர் மட்டக்களப்புப் பக்கம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருசம் யார் ஏறினாலும் "குட் மோர்னிங்" சொல்லிப் பழகிய மனிதர். கோப்பிக்கடை வரிசையில் முன்னுக்கு நிற்கிறவனின் மகளுக்கு என்ன வருத்தம் என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருப்பார்.

போன வருசம் மகள் எங்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக இத்தாலிக்கு அனுப்பினாள். "நீங்க ரெண்டு பேரும் எங்கயும் போனதே இல்ல. லண்டனுக்குப் போனா கலியாணம், பாரிசுக்குப் போனா செத்தவீடு. That's not a vacation" என்றாள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். தமிழ்ச் சனம் இல்லாத இடமாக இருக்கவேண்டும். சேலை உடுத்து, நகை போட்டு, மண்டபத்தில் பதினொரு பேருக்கு ஒரே பதிலைச் சொல்லத் தேவையில்லாத ஒரு ஊர். மகள் சிசிலித் தீவில் ஒரு மீன்பிடி ஊரைக் கண்டுபிடித்தாள். பலேர்மோவில் இருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சின்ன ஊர். எழுதினால் நான் சொல்லப்போகிற மனிதரை யாரும் அரைநாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போய் இறங்கின அன்றே என் சந்தேகம் வேலையைத் தொடங்கிவிட்டது. அறையை வாடகைக்குத் தந்த பெண் சிரித்துக்கொண்டே எங்கள் கடவுச்சீட்டுகளைக் கேட்டாள். பொலிசில் பதியவேண்டுமாம். இவர் உடனே எடுத்து நீட்டிவிட்டார். கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரன் என் கடவுச்சீட்டை இப்படித்தான் சிரித்துக்கொண்டே வாங்கினவன், பிறகு நான்கு மாதம் அதைக் கண்ணில் காட்டவில்லை. அந்தப் பெண் போனில் படம் எடுத்துவிட்டு இரண்டு நிமிசத்தில் திருப்பித் தந்தாள். நான் வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப்பார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தது.

அடுத்த நாள் காலை துறைமுகத்துக்கு நடந்து போனோம். கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு கல் அணை. ஒரு பக்கம் நீலமும் சிவப்பும் பூசிய சின்ன வள்ளங்கள், மற்றப் பக்கம் வலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். ஊருக்குப் பின்னால் ஒரே பாறையாக ஒரு மலை எழும்பி நிற்கிறது. அதன் தலையில் இடிந்த கோட்டை. நான் நீண்ட காலத்துக்குப் பிறகு உண்மையாகவே மூச்சை விட்டேன். அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ரொறன்ரோவில இருந்துதானே?"

தமிழ். அதுவும் யாழ்ப்பாணத் தமிழ்.

திரும்பிப் பார்த்தேன். அறுபது வயது மதிக்கலாம். மெலிந்த மனிதர். மையடித்த தலைமயிர். சேட்டு அப்போதுதான் அயர்ன் பண்ணினதுபோல மடிப்புக் கலையாமல் இருந்தது, ஆனால் கையில் நகங்களின் ஓரமெல்லாம் வெடித்திருந்தது. இவருடைய தொப்பியில் மேப்பிள் இலை இருந்ததால் கனடா என்று கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் ரொறன்ரோ என்று எப்படித் தெரியும்?

"ஓம், ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கம்!" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்குத் தெரியும். ரெண்டு பேர் வந்து இறங்கியிருக்கினம் எண்டு நேற்றே சொன்னவை" என்றார் அந்த மனிதர்.

யார் சொன்னது என்று நான் கேட்பதற்குள் அவர் எங்களை நடத்திக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார். இந்த ஊருக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து கனடாவுக்கு வெளிக்கிட்டு இடையில் இங்கேயே நின்றுவிட்டாராம். நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட ஒரு வள்ளத்தைக் காட்டி, "உது எங்கட வள்ளம்" என்றார். மேலே, மாதா கோயிலுக்குப் பக்கத்தில் மஞ்சள் சுவரும் பச்சை யன்னல்களும் உள்ள மாடிவீட்டைக் காட்டி, "உதுதான் வீடு" என்றார். நாங்கள் எதையுமே கேட்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, "ஸ்ரௌவ்விலிலயும் உங்கட ஆக்கள் இருப்பினம் என்ன?" என்றார்.

"ஓம் ஓம், எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் இப்ப அங்கதான் வீடு வாங்கிப் போயிருக்காங்க" என்றார் இவர்.

அந்த மனிதர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்த பதில் கிடைத்தவர்போல ஆட்டினார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை நாங்கள் படியிறங்கி வரும்போது அவர் கீழே தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றார். எங்களை மலைக்குக் கூட்டிப்போகப்போகிறாராம். வேலை இல்லையா என்று கேட்டேன். "எங்கட வள்ளம்தானே, நினைச்ச நேரம் போகலாம்" என்றார். பாதை கல்லும் படியுமாக வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் நாகதாளிக் கள்ளி, அதில் சிவந்த பழங்கள். அவர் ஒரு பழத்தை இலையால் பிடித்து முறித்துக் கத்தியால் உரித்து எனக்கு நீட்டினார். இவர் முதலில் வாங்கித் தின்னட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் இரண்டு தின்றார், ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகுதான் நான் வாயில் வைத்தேன்.

மேலே போனால் ஊர் முழுக்கக் காலடியில் கிடந்தது. ஓட்டுக்கூரைகள், அரைவட்ட மணல், தூரத்தில் எரிமலைத் தீவுகள் மூன்று புகைபோல. அப்படி ஒரு காட்சியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனால் அதையும் முழுதாகப் பார்க்க விடாமல் அந்த மனிதர் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை.

"என்ர மகள். ஒரே பிள்ளை. பலேர்மோவில மருந்தாளர் படிப்பு, கடைசி வருசம். இப்ப சோதினை, அதுதான் வரேலாமல் போச்சு. அடக்கமான பிள்ளை. தமிழ் எழுதவும் தெரியும்."

"சந்தோசம்" என்றேன்.

"நீங்கள் ஆக்களை ஒருக்காப் பாத்தாலே எடை போட்டிடுவியள் போல" என்றார்.

ஆகா, இதுதானா விசயம் என்று எனக்குள் மணி அடித்தது. கனடாவில் மாப்பிள்ளை தேடுகிறார். அல்லது மகளை அனுப்பி எங்கள் வீட்டில் தங்கவைக்கப் பார்க்கிறார். இறங்கி வரும்போது பாதையின் வழுக்கலான இடத்தில் அவர் கை தந்தார். நான் கையைப் பிடிக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச்சொன்னார். நான் மாட்டேன் என்றேன். "அந்த மனிசன் நல்ல மனிசன்கா. வாவன், போய்ச் சாப்பிட்டிட்டு வருவம்" என்றார் இவர். போனோம்.

மஞ்சள் வீட்டுக் கதவை அவர் மனைவி திறந்தார். மத்தியான வெயிலில் பட்டுச்சேலை. கழுத்தில் தாலிக்கொடி வெளியே எடுத்து விட்டிருந்தது. முகத்தில் சிரிப்பு ஒரு இடத்தில் நின்றபடி நின்றது. வீடு பெரிது, குளிர்ச்சி, கறுத்த மரத் தளபாடங்கள். நெத்தலியைப் பிரட்டிப் பொரித்திருந்தார், வாள்மீனில் குழம்பு, கத்தரிக்காய், எலுமிச்சை பிழிந்த கீரை. சாப்பாடு அருமை. ஆனால் என் கண் தட்டில் இருக்கவில்லை.

முதலில் சுவர். சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கு ஐந்து இடங்களில் பெயின்ற் சதுரம் சதுரமாக வெளிறாமல் இருந்தது. அந்த இடங்களில் நேற்றுவரை படங்கள் தொங்கியிருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒரு சாமிப்படம், அதன் அளவுக்கும் பின்னால் இருந்த சதுரத்துக்கும் பொருத்தமில்லை. அடுத்தது, இவர் கரண்டி கேட்டபோது அந்த மனிதர் எழும்பிப் போய் ஒரு லாச்சியை இழுத்தார். மேசைத்துணிகள். அடுத்ததை இழுத்தார். மெழுகுதிரி. மூன்றாவதில்தான் கரண்டி இருந்தது. முப்பது வருசம் இருக்கிற வீட்டில் கரண்டி எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆம்பிளைகள் உண்டுதான். ஆனால் மெழுகுதிரியைப் பார்த்து அவர் முகத்தில் வந்த பயம் வேறு.

மூன்றாவது, யன்னல். எதிர்ப்பக்கத்தில் கிடந்த மர வாங்கில் ஒரு இத்தாலியக் கிழவர் பொல்லை ஊன்றிக்கொண்டு இந்த வீட்டுக் கதவையே பார்த்தபடி இருந்தார். நாங்கள் வரும்போதும் இருந்தார், இரண்டு மணித்தியாலம் கழித்துப் போகும்போதும் இருந்தார்.

அறைக்கு வந்ததும் சொன்னேன். "அது அவையின்ர வீடு இல்லை."

"உனக்கு விசர்கா" என்றார் இவர். "வயிறு நிறையச் சாப்பாடு போட்டிருக்காங்க."

"அதுதான் கேக்கிறன். ஏன் போட்டவை? எங்களைத் தெரியாத மனிசர், இல்லாத வீட்டைக் காட்டி, பட்டுச்சேலை உடுத்து ஏன் சாப்பாடு போடோணும்?"

அறையில் இருந்த அலுமாரிக்குள் பூட்டி வைத்த கடவுச்சீட்டுகளை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அந்தப் பையைத் தோளில் இருந்து இறக்கவே இல்லை.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், இவர் குளிக்கிற நேரம் பார்த்து, துறைமுகத்துக்குத் தனியாகப் போனேன். மீன் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. வலைக் குவியல் ஒன்றுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட வள்ளம் வந்து கட்டியது. அந்த மனிதர்தான் கயிறு எறிந்தார். அயர்ன் பண்ணிய சேட்டு இல்லை. றப்பர்ச் சப்பாத்தும் நெஞ்சுவரை வருகிற மஞ்சள் அங்கியும். மீன் பெட்டிகளைத் தூக்கி இறக்கினார், குனிந்து வள்ளத்தின் அடியைத் தேய்த்துக் கழுவினார். கரையில் பொல்லோடு நின்று இதைச் செய், அதைச் செய் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் அந்த வாங்கில் இருந்த கிழவர்.

எனக்குக் கோபம் வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற ஒரு கேவலமான சந்தோசமும் அதோடு சேர்ந்து வந்தது. வேலையில் ஒரு பொய்க் கோரிக்கை பிடிபடும்போது வருகிற அதே சந்தோசம்.

அன்று மத்தியானம் எங்களை வள்ளத்தில் குகைகள் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். இவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுவார். வள்ளத்தில் ஏறும்போது கைப்பையைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் கட்டி மடியில் வைத்திருந்தேன்.

பாறையைச் சுற்றிப் போனதும் ஊர் மறைந்துவிட்டது. கடல் பச்சைக் கண்ணாடிபோலக் கிடந்தது, அடியில் கிடந்த கூழாங்கல்லைக்கூட எண்ணலாம். குகைக்குள் போனபோது தண்ணீரின் வெளிச்சம் மேல்கூரையில் நடுங்கியது. இவர் சின்னப்பிள்ளைபோலச் சத்தம் போட்டார். பிறகு சேட்டைக் கழற்றி, மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, நான் தடுக்கமுன்னம் தண்ணீருக்குள் குதித்துவிட்டார். மட்டக்களப்பு வாவியில் நீந்திய மனிதர், பயமில்லை. வள்ளத்தில் நானும் அந்த மனிதரும் மட்டும்.

நான் நேரடியாகக் கேட்டேன். "அண்ணை, உங்களுக்கு எங்களிட்ட என்ன வேணும்?"

அவர் என்னைப் பார்த்தார். "விளங்கேல்ல."

"வீடு உங்கட இல்லை. வள்ளமும் உங்கட இல்லை. காலமை பெட்டி இறக்கேக்க நான் பாத்தனான். எதுக்கு எங்களுக்கு இவ்வளவு பொய்?"

அவர் எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அவரோ அப்படியே பலகையில் இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, தலையைக் குனிந்தார்.

"பாத்திட்டியள் என்ன" என்றார். "அப்ப போய்ச் சொல்லப்போறியள்."

"ஆருக்கு?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு."

"எந்த மாப்பிள்ளை வீட்டுக்கு?"

அவர் நிமிர்ந்தார். "ஸ்ரௌவ்வில் ஆக்களுக்கு. நீங்கள் விசாரிக்கத்தானே வந்தனீங்கள்?"

பிறகு அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. மகள் லண்டனில் ஒரு கலியாணவீட்டில் ஸ்ரௌவ்வில் பெடியன் ஒருவனைச் சந்தித்திருக்கிறாள். இருவருக்கும் விருப்பம். பெடியனின் தாய் ஒருநாள் போனில் கதைத்தபோது இந்த மனிதர் வீடும் வள்ளமும் தன்னுடையவை என்று சொல்லிவிட்டாராம். தாய் அதற்கு, "எங்கட ஆக்கள் ஆரும் அந்தப் பக்கம் வந்தால் உங்களை ஒருக்காப் பாக்கச் சொல்லுறன்" என்று சொன்னாராம். சொல்லி மூன்றாவது கிழமை, தமிழ்ச் சனமே எட்டிப்பார்க்காத ஊரில், தொப்பியில் மேப்பிள் இலையோடு இரண்டு தமிழர் வந்து இறங்கினால் அவர் வேறு என்ன நினைப்பார்? அறை தந்த பெண்தான் அவருக்குச் சொன்னவள். கடவுச்சீட்டில் பிறந்த நாடு இலங்கை என்றும் அறைப் பதிவில் முகவரி ரொறன்ரோ என்றும் பார்த்தவள், உன் ஆட்கள் ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கிறார்கள் என்று சந்தோசமாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

வள்ளம் அந்தக் கிழவருடையது. வீடும் அவருடையது. அந்த அம்மா அங்கே சமைத்துத் துப்புரவு செய்கிறவர். கிழவரிடம் கெஞ்சியபோது அவர் பெரிய நாடகம் என்று உற்சாகமாகி, தன் செத்துப்போன மனைவியின் படத்தைக்கூடத் தானே கழற்றித் தந்துவிட்டு, வெளியே வாங்கில் போய் இருந்து எப்படி நடக்கிறது என்று பார்த்தாராம்.

"என்ர பிள்ளைக்கு உது தெரியாது" என்றார். "தெரிஞ்சால் என்னோட கதைக்க மாட்டாள்."

"அண்ணை, நாங்கள் ஒருத்தரும் அனுப்பி வரேல்ல. எங்களுக்கு உங்களைத் தெரியாது, அவையளையும் தெரியாது. சும்மா ஊர் பாக்க வந்தனாங்கள்."

அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். நான் கோரிக்கைப் படங்களைப் பார்க்கிற பார்வை அது.

"அப்ப ஏன் காலமை ஒளிச்சு நிண்டு பாத்தனீங்கள்?" என்று கேட்டார்.

தண்ணீருக்குள் இருந்து இவர் தலையை நீட்டி, "ஒரு எட்டுக்கால் கணவாய்! இந்தளவு!" என்று கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் வள்ளத்தில் ஏறியதும் அவர் எஞ்சினை முடுக்கிக் கரைக்குத் திருப்பினார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பொய் பிடிபட்டவருக்கு அடுத்தவர் சொல்கிற உண்மையும் பொய்யாகத்தான் தெரியும்போல.

அடுத்த நாள் அவரைக் காணவில்லை. நாங்கள் கடற்கரையில் குடைக்குக் கீழே இருந்தோம். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த மனிசி பட்டுச்சேலையோட அடுப்படியில நிண்டது அதுக்குத்தானா" என்று மட்டும் சொன்னார். புறப்படுகிற நாள் அந்த அம்மா தனியாக ரயில் நிலையத்துக்கு வந்தார். சாதாரணச் சட்டை, தலையைக் கட்டியிருந்தார். உப்புப் போட்ட நெத்தலிப் போத்தல் ஒன்றை என் கையில் வைத்தார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. இவர் இப்பவும் நீங்கள் அவையள் அனுப்பின ஆக்கள் எண்டுதான் சொல்லுறார். எனக்கு உங்கட முகத்தைப் பாக்க அப்பிடித் தெரியேல்ல" என்றார். நான் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். பல வருசமாக நான் யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை.

ஸ்காபரோவுக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். ஒரு பெண் போன் எடுத்தார். ஸ்ரௌவ்வில். மாப்பிள்ளையின் தாய்.

எப்படி என்னைப் பிடித்தார் என்பது பெரிய மர்மம் இல்லை. தகப்பன் மகளிடம் மறைக்க முடியாமல், ரொறன்ரோவில் இருந்து ஆட்கள் வந்து போனதைச் சொல்லியிருக்கிறார். மகள் பெடியனைக் கேட்க, பெடியன் தாயைக் கேட்க, நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்று தாய் திகைத்திருக்கிறார். அனுப்பாத ஆட்கள் ஏன் போனார்கள்? மட்டக்களப்பு, பஸ் ஓட்டினவர், மனைவி காப்புறுதிக் கொம்பனி. இவ்வளவும் தெரிந்தால் எங்கள் ஊரில் இரண்டு போன் போதும்.

பிக்கரிங்கில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக்கடையில் சந்தித்தோம். நல்ல குளிர்கோட்டு, நிதானமான முகம். இருந்ததும் கேட்டார், "உங்களை ஆர் அங்க அனுப்பினது?"

"என்ர மகள். விடுமுறைக்கு" என்றேன்.

நம்பவில்லை. எனக்கு அது விளங்கியது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பிறகு அவர் நேரே விசயத்துக்கு வந்தார். "அவையள் எப்பிடியான ஆக்கள்? சொந்த வீடு, வள்ளம் எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு வழியெல்லாம் தெரியும். காரில் வரும்போது இரண்டு பதில்களையும் சொல்லிப் பார்த்திருந்தேன். ஓம் என்றால் ஒரு நாள் பிடிபடும், அப்போது பிள்ளைதான் அவமானப்படும். இல்லை என்றால் அந்த மனிதரின் முதுகில் நான் குத்தியது ஆகும்.

"இல்லை" என்றேன். "வீடும் இல்லை, வள்ளமும் இல்லை. அவர் வள்ளத்தில வேலை செய்யிறார். மனிசி அந்த வீட்டில வேலை செய்யிறா." பிறகு முழுவதையும் சொன்னேன். லாச்சி, சுவர்ச் சதுரங்கள், கிழவர், குகை. என்னுடைய சந்தேகத்தையும் மறைக்கவில்லை. "ஏன் பொய் சொன்னவர் எண்டு கேட்டால், நீங்கள் விசாரிக்க ஆள் அனுப்புவியள் எண்ட பயத்தில. உங்களுக்கெண்டு அவ்வளவு பாடுபட்டு எங்களுக்குச் சமைச்சுப் போட்டவை."

அவர் கோப்பியைத் தொடவில்லை. "நீங்கள் அவையளுக்குச் சொந்தமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறகேன் உங்களுக்கு உந்த அக்கறை?"

நான் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது இவர் என்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தார். "அது அவங்கட விசயம். நீ ஏன்கா வாயைத் திறந்த?" என்றார். நானும் இரண்டு நாள் வேலையில் எந்தக் கோரிக்கையையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

கலியாணம் நிற்கவில்லை. நிற்பதற்கு அங்கே ஒரு காரணமும் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தன் தகப்பன் இன்னொருவருடைய வள்ளத்தில் வேலை செய்கிறார், தாய் கிழவரின் வீட்டில் சமைக்கிறார் என்று மகள் அந்தப் பெடியனிடம் லண்டனில் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். பெடியன் தாயிடமும் சொல்லியிருக்கிறான். தாய்க்கு எல்லாம் முன்னமே தெரியும். தகப்பன் போனில் வீடு, வள்ளம் என்று வேறு கதை சொன்னதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இதையெல்லாம் அந்த அம்மாதான் வட்ஸ்அப்பில் எனக்குச் சொன்னார். "இவர் ஒரு மாசமா வெளியில போகேல்ல" என்றும் சொன்னார்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் நடந்த கலியாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அது முடிந்து நாலாம் நாள் அந்த மனிதர் போன் எடுத்தார்.

"நாளைக்குத் திரும்பிப் போறம். மகளும் மருமகனும் வேலை. இந்த ஏரியை ஒருக்காக் காட்டுவியளோ?"

இவர் உடனே காரை எடுத்தார். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ பிளஃப்சுக்குப் போனோம். வெள்ளை மண்மேடுகளுக்குக் கீழே ஏரி சின்ன அலைகளோடு கிடந்தது. காற்று குளிர்ந்தது. அந்த அம்மாவும் இவரும் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அந்த மனிதர் கரையில் நின்று தண்ணீரையும் தூரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்லை" என்றார். "உதில ஆர் மீன் பிடிக்கிறது?"

"பிடிக்கினம்தான்."

"வள்ளம் ஒண்டையும் காணேல்ல."

கரையோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவம் இருந்தது. இப்பவும் கொஞ்சம் கிடக்கு" என்றார். "நீங்கள் அண்டைக்குக் கேக்காமல் விட்டிருந்தால், நான் கலியாண மண்டபத்திலயும் முதலாளியாத்தான் நிண்டிருப்பன். வாற ஆக்களுக்கெல்லாம் வள்ளக் கதை சொல்லிக்கொண்டு. பிள்ளை பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டிருக்கும்."

வாகனத் தரிப்பிடத்துக்கு ஏறுகிற சரிவில் மண் ஈரமாக இருந்தது. அவருடைய புதுச் சப்பாத்து வழுக்கியது. நான் கையை நீட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்தார், பிறகு பிடித்துக்கொண்டு ஏறினார்.